கிராங்க் போய்விட்டதா? கொஞ்சம் பொறுங்கள்! – படகு மோட்டார் கேள்வி பதில்

கேள்வி: ஃபைபர் படகில் பின்னால் மாட்டும் இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், மண்ணெண்ணெயில் ஓடுவது. ஆடிக் காற்றுக்குக் கரையில் கிடந்துவிட்டு மறுபடி இறக்கியதிலிருந்து, வலை இழுக்கும்போது மெதுவாக ஓட்டினால் டொக் டொக் என்று தட்டுகிறது. வேகம் கொடுத்தால் சத்தம் நின்றுவிடுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, கிராங்க் போய்விட்டது, பிரித்தே ஆக வேண்டும் என்கிறார். பிரிக்கலாமா?
– வாசகர், பெரியதாழை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சுழலும் தண்டான கிராங்கோ, அதை பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்கோ போன மோட்டார், வேகம் கூட்டினால் அமைதியாகாது. சுமை ஏற ஏற சத்தமும் கனத்துக்கொண்டே போகும். உங்களுக்கு வேகத்தில் சத்தம் மறைகிறது என்கிறீர்களே, அதை மெக்கானிக்கிடம் அழுத்திச் சொன்னீர்களா?

செலவில்லாத சோதனை ஒன்று. தட்டும்போதே நியூட்ரலுக்கு எடுங்கள். சத்தம் நின்றால் சந்தேகம் கீழே, கியர் பக்கம். அதற்காக கியர் உடைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம்; ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காமல் விட்டுவிட்டு ஓடினால் மோட்டார் ஒருமுறை உந்தும், ஒருமுறை தளரும், அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் ப்ரொபெல்லரின் கனம் கியர்ப் பற்களை முன்னும் பின்னும் மோதவிடும், சத்தமும் அதுதான். மண்ணெண்ணெயில் நெடுநேரம் மெதுவாக ஓட்டினால் பிளக் நனைந்து கரியேறுவது சகஜம். மோட்டாரை நிறுத்தி, ஒரு பிளக்கின் கேப்பைக் கழற்றி, வயரை பாடியில் எர்த் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள், அப்புறம் மற்றதற்கும் அப்படியே. எதைக் கழற்றியும் ஓட்டம் மாறவில்லையோ அந்த சிலிண்டர் ஏற்கெனவே சும்மாதான் இருக்கிறது. ஓடும்போதே கேப்பைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. கைக்கும் ஆபத்து, ஸ்பார்க் கொடுக்கும் சிடிஐ யூனிட்டுக்கும் கெடுதல்.

நியூட்ரலிலும் தட்டுகிறதா? பிளக் வயர்களைக் கழற்றிவிட்டு, மேலே கயிறு இழுக்கும் ஸ்டார்ட்டரை எடுத்து, அதன் கீழே கிராங்க் தண்டின் உச்சியில் இருக்கும் கனமான சக்கரத்தை, அதாவது ஃப்ளைவீலை, இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் அதுதான் குற்றவாளி. ஃப்ளைவீல் லூஸானால் வரும் தட்டல் அச்சு அசல் கிராங்க் சத்தம் மாதிரியே இருக்கும், தெரிந்தவர்களே ஏமாறுவார்கள். நட்டை மட்டும் முறுக்கிவிட்டுக் கிளம்பாதீர்கள். புல்லர் கருவி போட்டு ஃப்ளைவீலை எடுத்து, உள்ளே அதைத் தண்டோடு பூட்டும் சின்னக் கீ வெட்டுப்பட்டிருக்கிறதா பாருங்கள், வெட்டுப்பட்டிருந்தால் ஸ்பார்க் விழும் டைமிங்கும் நகர்ந்திருக்கும்.

கியர் ஆயிலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மோட்டார் ஓர் இரவு அசையாமல் நிமிர்ந்து நிற்கட்டும், காலையில் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் சொட்டினாலோ, ஆயில் பால் காபி நிறத்தில் வந்தாலோ சீல் போயிருக்கிறது. பாதி நேரம் ப்ரொபெல்லருக்குப் பின்னால் சுற்றிக்கொண்ட தூண்டில் நரம்புதான் அதை அறுத்திருக்கும். ஆயிலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மை போல வழுவழுப்பாக இருந்தால் சாதாரணத் தேய்மானம். துணுக்கு நெருடினால் கியரைப் பிரிக்க வேண்டியதுதான்.

கேள்வி: பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, மண்ணெண்ணெய்க்கு மாற்றி முழு வேகம் கொடுத்தால் கிண் கிண் என்று சத்தம். ஆயில் அதிகம் கலந்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. சொல்லப்போனால் அதிக ஆயில் இன்னும் கரியைத்தான் சேர்க்கும். இங்கே இரும்பு எதுவும் தளரவில்லை, எரிபொருள் தானாகவே தப்பான நேரத்தில் வெடிக்கிறது. தானாக வெடிக்காமல் தாங்கும் திறனை ஆக்டேன் என்பார்கள்; சாதாரண பெட்ரோலின் ஆக்டேனில் பாதிகூட மண்ணெண்ணெய்க்குக் கிடையாது. அதனால்தான் மண்ணெண்ணெய் மோட்டாரைக் குறைந்த கம்ப்ரஷனில், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவையைக் குறைவாக அமுக்கும்படி, செய்கிறார்கள். யாராவது கம்ப்ரஷனைக் கூட்டும் பெட்ரோல் மாடல் சிலிண்டர் ஹெட்டையோ, அதன் அடியில் மெல்லிய கேஸ்கெட்டையோ போட்டிருக்கிறார்களா, பிஸ்டன் தலையில் கரி அடைந்திருக்கிறதா, கூலிங் தண்ணீர் பக்கவாட்டில் பலமாகப் பீய்ச்சுகிறதா, இந்த மூன்றையும் பாருங்கள். பிளக்கைக் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெயிலில் திருப்பிப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல மினுக்கும் புள்ளிகள் இருந்தால், அது பிஸ்டனிலிருந்து உருகி வந்த அலுமினியம். அப்படியென்றால் சரிபார்க்கும்வரை முழு வேகம் கொடுக்காதீர்கள். சத்தம் வந்த நொடியே வேகத்தைக் குறையுங்கள், பிஸ்டன் ஓட்டையாக அதிக நேரம் பிடிக்காது.

கேள்வி: கரையிலேயே ஓட்டி சத்தத்தைக் கேட்கலாமா?

பதில்: தண்ணீர் நிறைந்த டிரம்மில் கேட்கலாம், வெறுமனே கூடாது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். சுமையில் மட்டும் வரும் சத்தம் டிரம்மில் வராது, அதற்குக் கடலுக்குத்தான் போக வேண்டும். துணைக்கு இன்னொரு படகு வரட்டும்.