முடி உதிர்வு: மூன்று மாதங்களுக்கு முந்தைய கணக்கு

பெண்களின் முடி உதிர்வு குறித்து வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சரும நோய் மருத்துவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு வயது 27. குழந்தை பிறந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. இரண்டு வாரங்களாகத் தலை வாரும்போதெல்லாம் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. "குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டால் தாய்க்கு முடி கொட்டத்தான் செய்யும்" என்கிறார் என் மாமியார். இது உண்மையா? தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தினால் சரியாகுமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் காரணம் சரியல்ல, ஆனால் அவருடைய காலக்கணக்கு சரியானது. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவது ஏறத்தாழ இரண்டாம் மாதத்தில். பிரசவத்துக்குப் பிந்தைய முடி உதிர்வும் இரண்டு முதல் நான்கு மாதங்களுக்குள்தான் தொடங்குகிறது. அடுத்தடுத்து நிகழ்ந்த இரண்டையும் பார்த்த பெரியவர்கள், ஒன்றால்தான் மற்றது வந்தது என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள்.

நம் தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் வேர் சுருங்கி, அதன்பின் ஏறத்தாழ மூன்று மாதங்கள் வளராமல் ஓய்வில் இருந்து, பிறகே உதிர்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோன் மிகுந்திருப்பதால், ஓய்வுக்குப் போக வேண்டிய முடிகளும் வளர்ச்சிப் பருவத்திலேயே தங்கிவிடுகின்றன. வளைகாப்பின்போது உங்கள் சடை வழக்கத்தைவிடக் கனத்திருந்தது நினைவில் இருக்கலாம். பிரசவமானதும் ஈஸ்ட்ரோஜன் சில நாள்களில் வெகுவாகச் சரிய, அந்த முடிகள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்துச் சேர்ந்தாற்போல் உதிர்கின்றன. இப்போது சீப்பில் வருவது, கர்ப்பத்தின்போது உதிராமல் நின்ற முடியின் பாக்கி. வேர் அப்படியே இருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பெரும்பாலோருக்குப் பழைய அடர்த்தி திரும்பிவிடும். நெற்றியோரத்தில் அடங்காமல் நிற்கும் குட்டை முடிகளே அதன் முதல் அறிகுறி. இதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. பிரசவித்த பெண்ணுக்கு 'பத்தியம்' என்ற பெயரில் காய், பழம், பருப்பு என ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் சோறும் பூண்டுக் குழம்பும் மட்டுமே தட்டில் மிஞ்சும் வீடுகள் இன்னும் உண்டு. பால்சுறாப் புட்டு போட்ட அதே பாட்டிகளின் பத்தியத்தில் புரதம் தாராளமாகவே இருந்தது. அதை விட்டுவிட்டு விலக்குகளை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அரசின் திட்டப்படி இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகளைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்கள் சாப்பிட வேண்டும். பலர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்றே நிறுத்திவிடுகிறார்கள். நீங்களும் நிறுத்தியிருந்தால், உங்கள் மருத்துவரிடம் கேட்டு மறுபடியும் தொடங்குங்கள். முடி உதிர்வுடன் படபடப்போ, மிகுந்த சோர்வோ இருந்தால் தைராய்டுப் பரிசோதனையும் தேவை. பிரசவத்துக்குப் பின் தைராய்டு சுரப்பி அழற்சி அடைவது உண்டு.

கேள்வி: நான் 23 வயதுப் பெண், சென்னையில் விடுதியில் தங்கி வேலை பார்க்கிறேன். எடை குறைக்க இரவு உணவை விட்டுவிட்டு, காலையில் பழம் மட்டும் சாப்பிட்டு, இரண்டு மாதங்களில் ஒன்பது கிலோ குறைத்தேன். இப்போது முடி பாதியாகிவிட்டது. ஹீமோகுளோபின் 12.2 இருப்பதால் ரத்தசோகை இல்லை என்கிறார்கள். ஃபெரிட்டின் 9 என்று வந்திருக்கிறது. கீரை தினமும் சாப்பிடுகிறேன். பிறகு ஏன் உதிர்கிறது? (வாசகி, சென்னை)

பதில்: ஹீமோகுளோபின் அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் சோறு, ஃபெரிட்டின், அதாவது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு, குதிரில் இருக்கும் நெல். இன்றைக்கு உலை கொதிக்கிறது என்பதால் குதிரில் நெல் இருப்பதாக ஆகாது. இரும்புச் சத்து குறையும்போது உடல் முதலில் சேமிப்பைக் கரைத்து ரத்தத்தைக் காப்பாற்றுகிறது. முடி அதன் முன்னுரிமைப் பட்டியலில் கடைசியில்தான் இருக்கிறது. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்று பெயர். ஆனால் ஃபெரிட்டின் 15-க்குக் கீழே இருந்தாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். முடிக்கு எவ்வளவு ஃபெரிட்டின் வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே விவாதம் உண்டு என்றாலும், 9 போதும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கும், தமிழ்நாட்டில் 53 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருக்கிறது. குதிர் மட்டும் காலியாகி, அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கும் உங்களைப் போன்றவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள்.

கீரையில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் தாவர உணவில் உள்ள இரும்பை நம் குடல் குறைவாகவே உறிஞ்சுகிறது. இறைச்சி, மீன், ஆட்டு ஈரல், சுவரொட்டி ஆகியவற்றில் உள்ளதை எளிதாக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் என்ற உயர்ந்த அளவைப் பரிந்துரைக்கிறது. சைவ உணவுக்காரராக இருந்தால், கீரைப் பொரியலுடன் எலுமிச்சைச் சாறோ, ஒரு பச்சை நெல்லிக்காயோ சேர்த்துக்கொள்ளுங்கள்; வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். உணவு முடிந்த கையோடு டீ, காபி குடிக்கும் வழக்கத்தை ஒரு மணி நேரமாவது தள்ளிவையுங்கள். இருந்தாலும் 9 என்ற அளவை உணவால் மட்டும் விரைவில் தூக்கிவிட முடியாது. மருத்துவர் தரும் இரும்பு மாத்திரை சில மாதங்களுக்குத் தேவைப்படும். மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஓட்டை இருக்கும் குதிரில் நெல் கொட்டிப் பயனில்லை.

இரும்பு ஒரு பக்கம் இருக்க, முடி பாதியானதற்குப் பெரிய காரணம் அந்த ஒன்பது கிலோ என்றே கருதுகிறேன். முடி என்பது கெரட்டின் என்ற புரதம். நாளொன்றுக்கு எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.8 கிராம் புரதம் தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 45 கிராம் அளவில் வரும். ஒரு முட்டையில் ஆறு கிராம்தான் உண்டு. பழத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. உடல் இத்தகைய பட்டினியை ஒரு பெரும் நோயாகவே எடுத்துக்கொள்கிறது. டெங்கு, டைஃபாய்டு காய்ச்சல்களுக்குப் பிறகும், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது: வளரும் முடிகளில் பெரும்பகுதி ஓய்வுக்குப் போய், மூன்று மாதம் கழித்து உதிர்கிறது. ஆகவே முடி கொட்டும் பெண்ணிடம் "நேற்று என்ன எண்ணெய் தேய்த்தீர்கள்?" என்று நான் கேட்பதில்லை, நாள்காட்டியில் மூன்று மாதம் பின்னே போகச் சொல்கிறேன். இரவில் இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிடத் தொடங்குங்கள். உங்கள் எடைக் குறைப்பு அதனால் நின்றுவிடாது.

கேள்வி: வயது 38. முடி வளர பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) 10,000 மைக்ரோகிராம் மாத்திரையை மூன்று மாதமாகச் சாப்பிடுகிறேன். எப்போதும் அசதி, மலச்சிக்கல், தோல் வறட்சி. ஆனால் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிகையாகச் சுரக்கிறது என்று வந்திருக்கிறது. குழப்பமாக உள்ளது. (வாசகி, கோவை)

பதில்: உங்கள் உடல் தைராய்டு குறைவு என்கிறது, காகிதம் மிகை என்கிறது. நான் உடலை நம்புவேன். பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையிலேயே பயோட்டின் ஒரு பொருளாகப் பயன்படுவதால், ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும், தைராய்டு ஹார்மோன்கள் பொய்யாகக் கூடியும் தெரியக்கூடும். மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோப்போனின் அளவும் இப்படித் தவறாகலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. பயோட்டினை நிறுத்தி, இரண்டு மூன்று நாள்கள் கழித்து மறுபடியும் பரிசோதியுங்கள். அதுவரை தைராய்டுக்கு எந்த மாத்திரையும் தொடங்க வேண்டாம்.

நாளொன்றுக்கு நமக்குத் தேவையான பயோட்டின் 30 முதல் 40 மைக்ரோகிராம். சாதாரணமாகச் சாப்பிடும் எவருக்கும் அது குறைவதில்லை. குறைவே இல்லாதவருக்கு அது முடியை வளர்க்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மிஞ்சினால் அவையே முடியை உதிர்த்துவிடும் என்பதையும், முடிக்காக விற்கப்படும் பல மாத்திரைகளில் அவை இருப்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

மறுபரிசோதனையில் தைராய்டு குறைவு உறுதியானால் தைராக்ஸின் மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரையும் உண்டென்றால் இரண்டுக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். ஹார்மோன் அளவு சீரான பின்னரும் முடி தேற சில மாதங்கள் ஆகும்.

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு வயது 21. வகிடு அகன்றுகொண்டே போகிறது. மாதவிடாய் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி முளைக்கிறது. சத்துக் குறைவா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இது சத்துக் குறைவின் தோற்றம் அல்ல. சத்துக் குறைவில் தலை முழுவதும் சமமாக உதிரும். வகிடு அகன்று, முன்நெற்றி வரிசை மட்டும் அப்படியே இருப்பது ஆண்ட்ரோஜன்கள் எனும் ஆண்மை ஹார்மோன்களின் வேலையாகவே பெரும்பாலும் இருக்கும். பெண்ணின் உடலிலும் டெஸ்டோஸ்டிரோன் சிறிதளவு சுரக்கிறது, அது டி.எச்.டி. என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாறி, அதற்கு இசைவான முடி வேர்களைச் சுற்றுக்குச் சுற்று சுருக்குகிறது. முடி கொத்தாக உதிராமல், மெலிந்து மெலிந்து பூனைமுடியாகிவிடும். அதே ஹார்மோன் தாடையில் முடியைத் தடிக்க வைக்கிறது என்பது இயற்கையின் விநோதம்.

மூன்று அறிகுறிகளும் சேர்ந்து பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையைச் சுட்டுகின்றன. 'நீர்க்கட்டி' என்ற சொல்லைக் கேட்டு அஞ்ச வேண்டாம். ஸ்கேனில் தெரிபவை முழு வளர்ச்சி அடையாத கருமுட்டைப் பைகளே. இன்சுலின் மிகுவதால் சினைப்பை கூடுதல் ஆண்ட்ரோஜனைச் சுரக்கிறது. ஆகவே மாவுச்சத்தைக் குறைத்து, எடை அதிகமெனில் அதில் 5 முதல் 10 விழுக்காடு குறைத்தாலே மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. உணவும் ஹார்மோனும் சந்திக்கும் இடம் இதுதான். தலைக்கு மினாக்சிடில் மருந்தை மருத்துவர் தரலாம். தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடும். பயந்து நிறுத்திவிடுபவர்களே அதிகம். ஆறு மாதமாவது பொறுக்க வேண்டும். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் அதைப் பயன்படுத்தக் கூடாது. குரல் கனத்து, சில மாதங்களுக்குள் இவை எல்லாம் விரைந்து வந்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் தேய்க்காததால்தான் மாதவிடாய் நின்ற பிறகு முடி மெலிந்ததா? வயது 54. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: இல்லை. தேங்காய் எண்ணெய் முடித் தண்டு உடையாமல் காக்கும். வேரின் ஹார்மோன் கணக்கில் அது தலையிடாது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் ஆண்ட்ரோஜன்களின் கை ஓங்குகிறது. முந்தைய பதிலில் சொன்ன மினாக்சிடில் உங்களுக்கும் பொருந்தும். இறுக்கிக் கொண்டை போடுவதை விடுங்கள். காசளவு வட்டமாக எங்காவது வழுக்கை இருந்தால் அது புழுவெட்டு. அதற்கு வேறு சிகிச்சை. மருத்துவரிடம் வருமுன் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், ஒரே வகிட்டை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை படமெடுத்து வையுங்கள். வடிகாலில் திரண்ட முடியை எண்ணிக்கொண்டிருப்பதைவிட அது எங்களுக்கு அதிகம் உதவும்.