அந்தக் கால அமெரிக்காவோட மேற்குப் பக்கத்துல நடக்கிற வைல்டு வெஸ்ட் காதல் கதைகள்ல வர்ற மாதிரி, பேப்பர்ல விளம்பரம் பார்த்துட்டு முன்பின் தெரியாத ஆளை நம்பிப் போய் பொண்ணுங்க கல்யாணம் பண்ணிக்கிட்டது நிஜமா?

நிஜம் தாங்க. 1870கள்லயே மேட்ரிமோனியல் நியூஸ்னு இதுக்குன்னே ஒரு பத்திரிகை ஓடிச்சு. அதுக்கும் முன்னாடி 1864ல ஏசா மெர்சர்னு ஒருத்தர் மாசசூசெட்ஸ் போய், உள்நாட்டுப் போர்ல பருத்தி வராம மில்லுங்க படுத்துக் கிடந்த லோவெல் பக்கம் இருந்து 11 பொண்ணுங்களை மேற்கே சியாட்டில் கூட்டிட்டு வந்தார், அங்க ஆம்பளைங்க தான் நிறைய. அதுல பெரும்பாலானவங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, ஆனா லிஸி ஆர்ட்வேன்னு ஒருத்தங்க கடைசி வரைக்கும் பண்ணிக்கவே இல்ல, டீச்சரா இருந்து, எலெக்‌ஷன்ல ஜெயிச்சு கிட்சாப் கவுன்ட்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஸ்கூல்களுக்கே மேலதிகாரி ஆயிட்டாங்க. எனக்கு அவங்க தான் ஹீரோயின்.

ஆனா இந்த நாவல்கள் பலதுல கோட்டை விடுற விஷயம் நிலம். 1862 ஹோம்ஸ்டெட் சட்டப்படி அரசு நிலத்துல 160 ஏக்கர் வரைக்கும் கேட்டு எழுதி வாங்கலாம், அஞ்சு வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் பண்ணிக் காட்டினா சொந்தம். 21 வயசு ஆன கல்யாணம் ஆகாத பொண்ணும் வாங்கலாம், விதவையும் வாங்கலாம், புருஷனோட இருக்கிற பொண்ணு மட்டும் தன் பேர்ல கேட்க முடியாது. அப்போ தாலி முதல்லயா பட்டா முதல்லயாங்கறது எவ்ளோ பெரிய கேள்வி பாருங்க!

எலினோர் ப்ரூயிட்னு ஒருத்தங்க, டென்வர்ல துணி துவைச்சு பிழைச்சுட்டு இருந்தவங்க, கூடவே ஒரு சின்ன மகள் வேற. 1909ல பேப்பர் விளம்பரம் மூலமா வயோமிங்ல க்ளைட் ஸ்டூவர்ட்ங்கிற விவசாயி வீட்டுக்கு வேலைக்குப் போறாங்க. ஸ்காட்லாந்துக்காரர், பொண்டாட்டி இல்லாதவர், பொழுதுபோக்குக்கு பேக்பைப் ஊதுவாரு. அவர் நிலத்தை ஒட்டியே எலினோர் தன் பேர்ல ஒரு நிலம் பதிவு பண்றாங்க. எல்லைக்கோடு அவர் வீட்டுல இருந்து ரெண்டே அடி, அதனால இவங்க வீட்டை அவர் வீட்டோட ஒட்டியே கட்டிக்கிட்டாங்க, குடியிருக்கிறது அவங்கவங்க நிலத்துல தான்னு கணக்கு! பதிவு முடிஞ்ச கொஞ்ச நாள்லயே கல்யாணம். அன்னைக்குத்தான் அடுப்பு வேற மாட்டியிருக்காங்க, விருந்துக்கு சமைச்சுக்கிட்டே இருந்ததுல பழைய ஷூவும் சமையல் ஏப்ரனுமா போய் நின்னுட்டாங்களாம், இதை அவங்களே பழைய முதலாளியம்மாவுக்கு கடிதத்துல எழுதியிருக்காங்க, அதுவும் ரொம்ப நாள் மறைச்சுட்டு அப்புறமா. எந்த கற்பனைக் கல்யாண சீனும் எனக்கு இதுக்குப் பக்கத்துல வராது.

அந்தக் கடிதங்கள் பத்திரிகையில வந்து பிரபலமாச்சு, பொண்ணு தனியா நின்னு நிலம் ஜெயிச்ச கதையாத்தான் எல்லாரும் படிச்சாங்க. ஆனா புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் தனித்தனி குடியிருப்பு காட்ட சட்டம் விடாது. 1912ல எலினோர் தன் உரிமையை விட்டுட்டாங்க, அதே நிலத்தை மாமியார் தன் பேர்ல எடுத்துக்கிட்டாங்க. கடிதத்துல இது மூச்சு விடல. நம்ம ஊர் சீரியல் டைரக்டர் கையில கிடைச்சிருந்தா இந்த மாமியாரை வச்சே முன்னூறு எபிசோடு ஓட்டியிருப்பார், நாவல் எழுதுறவங்க ஏன் விட்டு வச்சிருக்காங்கன்னு தான் எனக்குப் புரியல.