ஆறாவது கல்

கேள்வி: நாம் கொண்டாடிய ஒரு விளையாட்டுப் பிரமுகர் விடைபெறும்போது நாலு பேர் மேடையேறி அவரைக் கிண்டலடிக்கிறார்கள். மரியாதைக் குறைவாகப் படவில்லையா உங்களுக்கு?

பதில்: உடம்பையும் வீட்டு விவகாரத்தையும் இழுத்தால் சபை நெளியும். மைதானத்தில் அவர் அடித்த கூத்தைச் சொன்னால் அவரே முதலில் சிரிப்பார். இங்கிலாந்து நடுவர் டிக்கி பேர்ட் விஷயத்தில் அந்தச் சிரமம்கூட யாருக்கும் இல்லை. தன்னைக் கிண்டல் செய்யும் வேலையை அவரே பார்த்துக்கொண்டார். தாமதமாகிவிடுமோ என்ற பயத்தில் விடிகாலையிலேயே ஓவல் மைதானத்துக்குப் போய், கதவு பூட்டியிருக்க, சுவரேறிக் குதிக்கப் பார்த்துப் போலீஸ்காரரிடம் மாட்டிய கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பார்! இன்னொன்று தொப்பிக் கதை. 1975 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மைதானத்துக்குள் பாய்ந்த கூட்டத்தில் யாரோ அவருடைய வெள்ளைத் தொப்பியை உருவிக்கொண்டு ஓடிவிட்டார். பிற்பாடு லண்டனில் பஸ் ஏறினால், கண்டக்டர் தலையில் அதே மாதிரித் தொப்பி. எங்கே வாங்கியது என்று கேட்டாராம். “டிக்கி பேர்டைத் தெரியாதா உங்களுக்கு? அவர் தலையிலிருந்து எடுத்தது” என்று பெருமையாகப் பதில் வந்ததாம். கொஞ்சம் மெருகேற்றியிருப்பார் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இருக்கட்டுமே.

கேள்வி: அவருடைய கடைசி டெஸ்ட் பற்றிச் சொல்லுங்களேன்.

பதில்: 1996 ஜூன், லார்ட்ஸ், இந்தியாவுக்கு எதிரான ஆட்டம். நமக்கு அது கங்குலியும் டிராவிடும் அறிமுகமான டெஸ்ட்; ஒருவர் 131, இன்னொருவர் 95. அங்கிருந்தவர்களுக்கு அது டிக்கி பேர்டின் டெஸ்ட். அவர் இறங்கி வந்தபோது இரண்டு அணியும் எதிரெதிரே வரிசை கட்டி நின்று கைதட்ட, அரங்கமே எழுந்து நின்றது. மனிதர் அழுதுவிட்டார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நடந்தார்.

இங்கே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். பேர்ட் லேசில் எல்.பி.டபிள்யூ., அதாவது ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்ததற்கான அவுட், கொடுக்க மாட்டார். பந்து வீச்சாளர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் தலையைத்தான் ஆட்டுவார். அப்படிப்பட்டவர், கண்ணீர் காய்வதற்குள், முதல் ஓவரிலேயே ஸ்ரீநாத் கேட்டதும் விரலைத் தூக்கிவிட்டார். அவுட்டானது சற்று முன் கைதட்டிய இங்கிலாந்து கேப்டன் ஆதர்ட்டன், பூஜ்யத்துக்கு. டிவி முன்னால் நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்தது. எந்த நகைச்சுவைப் பேச்சாளராலும் எழுதித் தர முடியாத பிரிவுபசாரம் அது.

அந்த விரலின் கதை அதோடு முடியவில்லை. 2009-இல் சொந்த ஊரான பார்ன்ஸ்லியில், விரலைத் தூக்கிய கோலத்திலேயே அவருக்குச் சிலை வைத்தார்கள். இரவானால் குறும்புக்காரர்கள் அந்த விரலில் உள்ளாடை உள்பட என்னென்னவோ மாட்டிவிட்டுப் போனார்கள். கடைசியில் கைக்கு எட்டாதபடி பீடத்தை உயர்த்தினார்கள். பேர்ட் 2025-இல், 92 வயதில் காலமானார்.

கேள்வி: வர்ணனையாளர்களில் அழகாக விடைபெற்றவர்?

பதில்: ரிச்சி பெனோ. 2005 ஆஷஸ், அதாவது இங்கிலாந்து-ஆஸ்திரேலியா டெஸ்ட் தொடர், ஓவலில் கடைசி நாள். இங்கிலாந்தில் அவருடைய 42 வருட வர்ணனைக்கும் அதுதான் கடைசி. மைக்கில் நேயர்களுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார். நன்றாக ஆடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் பீட்டர்சன், 158-இல் ஆஸ்திரேலியாவின் மெக்ராத் பந்தில் போல்டு. ‘இத்தனை வருடமும் ரொம்ப ஜாலியாகப் போனது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர், குரல் மாறாமல், ‘ஆனால் பேட்ஸ்மேனுக்கு அப்படியில்லை’ என்று சேர்த்துக்கொண்டார். அவ்வளவுதான். தன் பிரிவுரை விக்கெட்டுக்காகக் காத்திருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

கேள்வி: டெண்டுல்கர் பேசியது?

பதில்: 2013-இல் மும்பை வான்கடே மைதானத்தில் விடைபெற்றபோது, யார் பெயரும் விட்டுப்போகக் கூடாதென்று துண்டுச் சீட்டோடு வந்தார். உருக்கமான பேச்சு, அதில் சந்தேகமில்லை. ஆனால் சிரிக்கவைத்த பிரிவுகளைப் பற்றித்தானே பேசுகிறோம், அதனால் எனக்கு அந்தச் சீட்டுதான் நினைவில் நிற்கிறது.

கேள்வி: உங்களை யாராவது அப்படி வழியனுப்பியிருக்கிறார்களா?

பதில்: ஓ! சின்னச் சின்னப் போட்டிகளுக்கு நடுவராக நின்ற காலம். பந்துகளை எண்ண ஆறு கூழாங்கல் வைத்திருப்பேன். ஒவ்வொரு பந்துக்கும் ஒன்றை வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவது வழக்கம். ஒருநாள் வலது பையில் ஓட்டை. எனக்குத் தெரியாமல் ஒரு கல் நழுவிவிட, ஓவருக்கு ஐந்து பந்தோடு பாதி ஆட்டத்தை ஓட்டிவிட்டேன். பந்து வீச்சாளர்கள் கத்தியதற்கு, ‘எண்ணத் தெரியாதா எனக்கு?’ என்று முறைத்தது வேறு.

நான் ஓய்வு பெற்ற அன்று இரண்டு அணிக்காரர்களும் சேர்ந்து ஒரு பெரிய பெட்டி கொடுத்தார்கள். மேலே ரிப்பன். காகிதத்தைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இன்னொரு பெட்டி, அதற்குள் ஒரு சின்ன டப்பா. திறந்தால் ஒரே ஒரு கூழாங்கல்.