வாசகர் கேள்விகள்: கருத்தரிப்புச் சிகிச்சையில் எதற்குச் சான்று இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 33. இரண்டு முறை ஐ.வி.எஃப் (கருமுட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்து, உருவான கருவைக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை) செய்தும் கரு தங்கவில்லை. மூன்றாவது முறைக்கு முன்னால் கருப்பையின் உட்சுவரைச் சற்றே கீறிவிட்டால் கரு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு இரட்டிப்பாகும் என்றும், அது ஆய்வில் நிரூபிக்கப்பட்டது என்றும் நாங்கள் செல்லும் மையத்தில் சொல்கிறார்கள். இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. செய்துகொள்ளலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வாய்ப்பு இரட்டிப்பாகும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 2003-ஆம் ஆண்டு இஸ்ரேலிய மருத்துவர்கள் 134 பெண்களிடம் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதற்கு முன் சிகிச்சை பெற்றும் கருத்தரிக்காதிருந்த அப்பெண்களில் 45 பேருக்கு, ஐ.வி.எஃப் தொடங்குவதற்கு முந்தைய மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பை உட்சுவரிலிருந்து சிறிது திசு எடுக்கப்பட்டது. அவர்களிடையே குழந்தை பிறந்த விகிதம் மற்றவர்களுடையதைவிட இரு மடங்குக்கும் மேல் இருந்தது. கீறிய இடம் ஆறும்போது சுரக்கும் வேதிப்பொருள்கள் கரு பதிய உதவுகின்றன என்ற விளக்கமும் கேட்பதற்குப் பொருத்தமாக இருந்ததால், இம்முறை சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் பரவிவிட்டது.

ஆனால் 45 பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. நாணயத்தைப் பத்து முறை சுண்டினால் ஏழு முறை தலை விழுவது அப்படியொன்றும் அரிதன்று. ஆயிரம் முறை சுண்டும்போது எழுநூறு முறை தலை விழாது. ஆகவே நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்து நாடுகளில் 13 மையங்களைச் சேர்த்துக்கொண்டு 1,364 பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் உட்சுவரைக் கீறி, இரு பிரிவிலும் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று கணக்கெடுத்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. கீறப்பட்ட 690 பேரில் 180 பேருக்கும், கீறப்படாத 674 பேரில் 176 பேருக்கும் குழந்தை பிறந்திருந்தது. இரண்டுமே 26.1 விழுக்காடுதான். பின்னர் பல ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர்களுக்குச் சிறிதளவு பயன் இருக்கக்கூடும் என்ற சாயல் தெரிந்ததால், அறிஞர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் இரட்டிப்பு என்ற பேச்சுக்கு அங்கும் இடமில்லை.

கீறுவது என்றால் என்ன செய்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெல்லிய, வளையக்கூடிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் கருப்பை வாய் வழியாக உள்ளே செலுத்தி, அதை முன்னும் பின்னும் நகர்த்தியபடியே திருகி எடுப்பார்கள். பெரும்பாலும் மயக்க மருந்து கொடுப்பதில்லை. மேற்சொன்ன ஆய்வில் பெண்கள் தெரிவித்த வலியின் நடு அளவு பத்துக்கு 3.5 ஆக இருந்தது. ஆபத்தான செயல் அன்று; ஆனால் வலியையும் செலவையும் ஏற்றுக்கொள்ளப் போதிய காரணம் வேண்டும் அல்லவா?

உங்கள் நிலையில் நானாக இருந்தால் அந்தப் பணத்தையும் பொழுதையும் வேறு சில கேள்விகளுக்குச் செலவிடுவேன். வைக்கப்பட்ட கருக்களின் தரம் எப்படி இருந்தது, கருப்பைக்குள் கட்டியோ சதை வளர்ச்சியோ இருக்கிறதா, கருக்குழாயில் நீர் கோத்திருக்கிறதா என்று கேளுங்கள். குறிப்பாகக் கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஸ்கேனில் தெரியும் அளவுக்கு நீர் கோத்த குழாயை அகற்றிவிட்டோ, கருப்பையிலிருந்து அடைத்துவிட்டோ ஐ.வி.எஃப் செய்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதற்கு உறுதியான சான்று உண்டு. இரண்டு முறை தங்காமல் போனது உங்கள் உடலின் குற்றமும் அன்று, நீங்கள் படி ஏறி இறங்கியதன் விளைவும் அன்று. நல்ல கருவே வைக்கப்பட்டாலும் தங்காமல் போவது எல்லா மையங்களிலும் நடப்பதுதான்.

கேள்வி: என் விந்தணுப் பரிசோதனை முடிவு இயல்பாக இருக்கிறது. இருந்தும் சாதாரண ஐ.வி.எஃப் வேண்டாம், இக்சிதான் சிறந்தது என்கிறார்கள். இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: சாதாரண ஐ.வி.எஃப் முறையில் ஒரு தட்டில் கருமுட்டையைச் சுற்றி ஆயிரக்கணக்கான விந்தணுக்களை விட்டுவிடுவார்கள். அவற்றில் ஒன்று தானே முட்டையைத் துளைத்து நுழையும். இக்சி முறையில் அந்த வேலையைக் கருவியல் நிபுணர் செய்கிறார். நுண்ணோக்கியின் கீழ் ஒரு கண்ணாடிக் குழாயின் முனை, மெல்லிய உறிஞ்சலால் முட்டையை அசையாமல் பிடித்துக்கொள்ளும். நிபுணர் ஒரு விந்தணுவைத் தேர்ந்தெடுத்து, ஊசியால் அதன் வாலை அழுத்தி அசைவை நிறுத்தி, ஊசிக்குள் உறிஞ்சி, முட்டைக்குள் செலுத்துவார். பெல்ஜியத்தின் பிரசெல்ஸ் நகரில் பணியாற்றிய ஜான்பியரோ பலேர்மோவும் அவருடைய குழுவினரும் இம்முறையால் ஏற்பட்ட முதல் கருத்தரிப்புகளை 1992-இல் அறிவித்தார்கள். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவான ஆண்களுக்கும், விரையிலிருந்து நேரடியாக விந்தணு எடுக்க வேண்டியவர்களுக்கும் அதற்கு முன் ஏறத்தாழ வழியே இல்லாதிருந்தது. அவர்களைப் பொறுத்தவரை இது மாபெரும் கண்டுபிடிப்பு. அதில் ஐயமே இல்லை.

உங்களைப் போன்றவர்களுக்கு என்ன பயன் என்பதை வியட்நாமின் ஹோ சி மின் நகர மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். விந்தணு எண்ணிக்கையும் அசைவும் இயல்பாக உள்ள 1,064 தம்பதியரைக் குலுக்கல் முறையில் பிரித்து அவர்கள் நடத்திய அந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. முதல் கரு மாற்றத்தில் இக்சி பிரிவில் 35 விழுக்காட்டினருக்கும், ஐ.வி.எஃப் பிரிவில் 31 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. இந்த இடைவெளி தற்செயலாகவும் நேரக்கூடியது என்பதால் இக்சி மேலானது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வரவில்லை. முந்தைய முறையில் முட்டைகள் கருவுறாமலே போயிருந்தால் இக்சியைப் பரிந்துரைப்பதில் நியாயம் உண்டு. அப்படி ஏதும் இல்லையென்றால், உங்களுக்கு ஏன் அது தேவை என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் 80 விழுக்காடு வெற்றி என்று போடுகிறார்களே, நம்பலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: எதை வெற்றி என்று எண்ணுகிறார்கள், யாரையெல்லாம் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த விழுக்காட்டையும் நம்ப வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் கர்ப்பம் என்று வந்தாலே வெற்றி என்று எண்ணும் மையமும், குழந்தை பிறந்தால் மட்டுமே எண்ணும் மையமும் ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஊசி போடத் தொடங்கி, முட்டை கிடைக்காமலோ கரு உருவாகாமலோ பாதியில் நின்றவர்களை விட்டுவிட்டு, கரு வைக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணினாலும் விழுக்காடு ஏறிவிடும்.

நேர்மையாக நடந்த ஆய்வு ஒன்றிலும் 80-ஐ ஒட்டிய எண் வந்திருக்கிறது. கருக்களின் குரோமோசோம்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து வைப்பதால் பயன் உண்டா என்று சீனாவில் 1,212 பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்வு அது. சோதனை செய்த பிரிவில் 77.2 விழுக்காட்டினருக்கும், செய்யாத பிரிவில் 81.8 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. அதாவது விலையுயர்ந்த அந்தச் சோதனையால் அவர்களுக்குக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. ஆனால் அப்பெண்கள் அனைவரும் 20 முதல் 37 வயதுக்கு உட்பட்டவர்கள். ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று நல்ல கருக்கள் உருவாகியிருந்தன. ஓராண்டுக்குள் மூன்று முறை வரை கரு வைக்கப்பட்டது. 41 வயதில் இரண்டே முட்டைகள் கிடைத்த ஒரு பெண்ணிடம் அந்த எண்ணைக் காட்டி நம்பிக்கை ஊட்டுவது பெரிய அநீதி. என் வயதில், என் நிலையில் இருப்பவர்களில் சிகிச்சை தொடங்கிய நூறு பேரில் எத்தனை பேர் குழந்தையோடு வீடு திரும்பினார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி: உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை பிறந்த அதே ஆண்டில் கல்கத்தாவிலும் ஒரு குழந்தை பிறந்ததாகப் படித்தேன். உண்மையா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைக்குடி

பதில்: உண்மை. இங்கிலாந்தின் ஓல்டாம் மருத்துவமனையில் லூயிஸ் பிரவுன் பிறந்தது 1978 ஜூலை 25 அன்று. ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ, ஜீன் பர்டி ஆகிய மூவரின் உழைப்பு அது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியால் கல்கத்தாவில் துர்கா என்று அழைக்கப்பட்ட பெண் குழந்தை பிறந்தது. இங்கிலாந்துக் குழுவினர் இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்துப் பயன்படுத்தினார்கள். முகோபாத்யாயோ ஹார்மோன் ஊசிகளால் பல முட்டைகளை முதிரச் செய்தார்; உருவான கருவை உறையவைத்துப் பாதுகாத்து, வேறொரு சுழற்சியில் கருப்பைக்குள் வைத்தார். இன்று உலகெங்கும் நடைமுறையில் உள்ள வழி இதுவே. உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தையாக உலகம் நெடுங்காலம் ஏற்றிருந்தது, 1984-இல் ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தையைத்தான்.

அவருக்கு நேர்ந்ததை எழுதும்போது நெஞ்சு கனக்கிறது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவருடைய கூற்றை ஏற்கவில்லை. ஜப்பானில் நடந்த கருத்தரங்குக்குச் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. பின்னர் கண் மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூனில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று அதுவரை கருதப்பட்ட, மும்பையில் 1986-இல் பிறந்த குழந்தைக்குப் பின்னணியில் இருந்த அறிவியலாளர் டி.சி. ஆனந்த குமார், முகோபாத்யாயின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துவிட்டு, இந்தியாவில் முதலில் சாதித்தவர் அவரே என்று 1997-இல் வெளிப்படையாக அறிவித்தார். தமக்குக் கிடைத்துவந்த பெருமையை இப்படி விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

கேள்வி: வயது 26, திருமணமாகி ஒன்றரை ஆண்டு. பி.சி.ஓ.டி. இருக்கிறது. நேரடியாக ஐ.வி.எஃப் செய்துவிடச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

பதில்: அவசரம் தேவையில்லை. பி.சி.ஓ.டி. என்பது சூலகத்தில் முட்டை ஒழுங்காக முதிர்ந்து வெளிப்படாத ஹார்மோன் கோளாறு. அது உள்ளவர்களுக்கு முட்டை வெளிப்படச் செய்யும் மாத்திரைகளே முதல் படி. அமெரிக்காவில் 750 பெண்களிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில், ஐந்து சுழற்சிகள் வரை லெட்ரோசோல் எடுத்துக்கொண்டவர்களில் 27.5 விழுக்காட்டினரும், பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்துக்கொண்டவர்களில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றார்கள். மார்பகப் புற்றுநோய்க்கான மருந்தாகப் புழக்கத்துக்கு வந்த லெட்ரோசோலைக் கருத்தரிப்புக்காகப் பயன்படுத்த இந்தியாவில் 2011-இல் விதிக்கப்பட்ட தடை 2017-இல் நீக்கப்பட்டது. பழைய செய்தியைப் படித்துவிட்டு யாரேனும் அச்சுறுத்தினால் கலங்க வேண்டாம். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைச் சற்றுக் குறைப்பதும் முட்டை வெளிப்பட உதவும். மாத்திரை தொடங்குவதற்கு முன் உங்கள் கணவர் விந்தணுப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். அது எளிது, செலவும் குறைவு, அதன் முடிவு தெரியாமல் உங்களுக்கு மட்டும் மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது முறையாகாது.