தாத்தாவோட அம்பாசிடரா, அப்பாவோட மாருதியா?

கேள்வி: எங்க வீட்ல 1974 மார்க் 2 அம்பாசிடர் ஒண்ணு, 1996 மாருதி 800 ஒண்ணு. ரெண்டுமே ஓடுற கண்டிஷன். புது வீட்ல ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். அப்பாவுக்கு முட்டி வலி, அம்பாசிடர்தான் வேணும்ங்கறார். தினமும் ஓட்டப்போறது நானும் என் மனைவியும். எதை வச்சுக்கலாம்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: மாருதியை வச்சுக்கங்க.

ஆனா அப்பா சொல்றதுல நியாயம் இருக்கு. அம்பாசிடர்ல பெருசா தலை குனியாம பின் கதவு வழியா ஏறி சோபால சாயற மாதிரி உக்காந்துடலாம், பின்னாடி பட்டை ஸ்பிரிங் இருக்கறதால நாலு பேரும் மூட்டையும் ஏறினாலும் அசராது, அந்த சொகுசு மாருதில சத்தியமா கிடையாது. ஏன்னா அம்பாசிடர் டிரைவர் ஓட்ட, முதலாளி பின்னாடி உக்காந்து போன காலத்து வண்டி. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டை அப்படியே எடுத்து 1958ல இருந்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்து உத்தர்பாராவுல செஞ்சது.

மாருதி ஓட்டறவங்களுக்கான வண்டி. 1983 டிசம்பர்ல இந்திரா காந்தி முதல் சாவியைக் கொடுத்ததுக்கு அப்புறம்தான் டிரைவர் வைக்க வசதியில்லாத மாசச் சம்பளக் குடும்பங்கள்ல கணவனும் மனைவியும் பெரிய அளவுல தாங்களே ஓட்ட ஆரம்பிச்சாங்க, அது சின்ன விஷயமே இல்ல. 796 சிசி, மூணு சிலிண்டர், சுமார் 650 கிலோ எடை, இஞ்சின் இழுக்கறது முன் வீலை, கும்பகோணம் சந்துல எங்க வேணா திருப்பலாம்.

உங்க மார்க் 2ல நாலு வீல்லயும் டிரம் பிரேக், எடையோ ஒரு டன்னுக்கு மேல, கியர் ஸ்டியரிங் பக்கத்துல, நின்ன இடத்துல ஸ்டியரிங்கை ஒடிக்க தோள்ல பலம் வேணும். இப்ப பைபாஸ்ல எல்லாரும் போற வேகத்துல நீங்களும் போறப்போ, முன்னாடி போற லாரி சடன் பிரேக் போட்டா உங்க வண்டி நிக்க எவ்ளோ தூரம் வேணும்னு யோசிங்க, எனக்கு அதுதான் பயம். முன் சஸ்பென்ஷன்ல கிரீஸ் ஏத்தறதுக்குன்னு இருக்கற சின்ன வாய், அதாவது நிப்பிளுக்கெல்லாம் தவறாம கிரீஸ் அடிக்கணும், அது தெரிஞ்ச மெக்கானிக்குகளும் ஒவ்வொருத்தரா கடையை மூடிட்டு வர்றாங்க.

மைலேஜ் பத்தி நான் பேசவே இல்ல, அதுல மாருதிக்குப் போட்டியே கிடையாது.

அம்பாசிடரை தயவுசெஞ்சு காயலான் கடைக்கு மட்டும் போடாதீங்க. பழைய 1489 சிசி பெட்ரோல் இஞ்சின் மாத்தாம அப்படியே இருந்தா ஆசையா வாங்கிப் பராமரிக்க ஆள் இருக்காங்க, வாங்கறவர் பேருக்கு மாத்தின ஆர்சியைப் பாத்துட்டு மீதி விஷயம் பேசுங்க.

மாருதில தரை விரிப்பைத் தூக்கி ஃப்ளோரை ஸ்க்ரூ டிரைவரால தட்டிப் பாருங்க, துரு இருந்தா இப்பவே வெல்டிங் வச்சுடுங்க. இப்ப பெட்ரோல்ல எத்தனால் கலக்கறதால பழைய பெட்ரோல் ஹோஸ் சீக்கிரம் கெட்டுப்போகும், அதையும் மாத்திடுங்க. அப்பாவுக்கு முன் சீட்டை முழுசா பின்னாடி தள்ளிக் கொடுங்க, முதல்ல பக்கவாட்டுல உக்காந்துட்டு அப்புறம் ரெண்டு காலையும் சேத்து உள்ள எடுத்தா முட்டிக்கு அவ்வளவா வலி தெரியாது.