அடை வைக்கிற முட்டை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சோளகக் காற்று தொடங்கினால் அடை வைப்பது பற்றிய கேள்விகள் கூடிவிடும். வன்னியில் முட்டை கெட்டுப்போவது பெரும்பாலும் கோழியின் அடியில் இல்லை, அதற்கு முன்பே எங்கள் குசினியில்தான். அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

கே: ஊர்க்கோழி பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடை கிடந்தது. பதினைந்தையும் வைத்தேன், ஐந்துதான் பொரித்தது. வளவில் நல்ல சேவல் நிற்கிறது. என்ன பிழை? (ஒட்டுசுட்டான்)

ப: சேவலில் பிழை இருக்காது. ஊர்க்கோழி பதினைந்து முட்டை இட ஏறக்குறைய மூன்று கிழமை எடுக்கும். கடைசி முட்டை இடும்போது முதல் முட்டைக்கு இருபது நாள் வயது. அடை முட்டையை 15 முதல் 18 பாகை செல்சியஸ் குளிர்ச்சியில் வைத்தாலே ஏழு நாளுக்குள் அடை வைப்பதுதான் நல்லது. வைகாசி, ஆனியில் எங்கள் தகரக் கூரைக்குக் கீழே அந்தக் குளிர்ச்சிக்கு எங்கே போவது? 24 பாகைக்கு மேல் போனால் கரு மெல்ல வளரத் தொடங்கிவிடும். ஆனால் ஒழுங்காக வளர அந்தச் சூடு போதாது. அப்படி அரைகுறையாக வளர்ந்த கரு பலவீனப்பட்டு, அடை வைத்த முதல் நாட்களிலேயே செத்துவிடும். பிறகு நாங்கள் கூழ்முட்டை என்று எறிகிறோம்.

செய்ய வேண்டியது இதுதான். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். அடையாளம் போட்ட ஒரு முட்டையைக் கூட்டில் விட்டுவிட்டு மற்றதை அன்றன்றே எடுங்கள். ஈரமணல் நிரப்பிய சட்டியில் ஒரு மண்பானையைப் பதித்து, அதற்குள் கூர்ப்பக்கம் கீழே இருக்க அடுக்கி, அடுப்படிக்குத் தூரமாக வையுங்கள். மணல் காயவிடக் கூடாது. முட்டையைக் கழுவவும் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போனால் கிருமி உள்ளே புகும். முதலில் இட்டவற்றைச் சமைத்துச் சாப்பிடுங்கள். கடைசி ஐந்தாறு நாள் முட்டைகளை மட்டும் அடைக்கு எடுங்கள். எண்ணிக்கை போதாவிட்டால் அதே நாட்களில் மற்றக் கோழிகள் இட்டதையும் சேர்க்கலாம். அப்புறம், ஒரு ஊர்க்கோழிக்குப் பத்து, பன்னிரண்டு போதும். அதற்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டைக்குச் சூடு போய்ச் சேராது.

கே: கடை முட்டையை அடை வைத்தால் பொரிக்குமா? (கிளிநொச்சி)

ப: பொரிக்காது. முட்டைக்கோழிப் பண்ணைகளில் சேவல் விடுவதில்லை, அதனால் அந்த முட்டையில் கருவே இல்லை.

கே: ரெஜிபோம் பெட்டியில் குமிழ் பூட்டி முட்டை பொரிக்கும் மெசின் செய்தேன். வெப்பமானி 37.5 காட்டுகிறது. ஆனாலும் 23ஆம் நாள்தான் பொரிக்கிறது, பாதிக் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே சாகிறது. (விசுவமடு)

ப: உங்கள் பெட்டியில் காற்றாடி இருக்கிறதா என்று எழுதவில்லை. 37.5 பாகை என்பது காற்றாடி சுழலும் பெட்டிக்கான கணக்கு. காற்றாடி இல்லாவிட்டால் சூடு மேலே தேங்கி, அடியில் குறைந்துவிடும். வெப்பமானியை முட்டையின் மேல்மட்டத்துக்குச் சரியாக வைத்து 38.5 அளவில் பிடியுங்கள். பொரிப்பு 21 நாளைத் தாண்டிப் பிந்துவது சூடு குறைவு என்பதற்கு அடையாளம்.

ஓட்டுக்குள் சாவதற்கு ஈரப்பதனையும் பாருங்கள். முதல் 18 நாள் 50 முதல் 55 வீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70 வீதம் இருக்க வேண்டும். ஆழமான கிண்ணத்தை விட அகலமான தட்டில் தண்ணீர் வைப்பதுதான் உதவும். முட்டையின் ஒரு பக்கம் புள்ளடி, மறுபக்கம் வட்டம் போட்டு நாளுக்கு மூன்று அல்லது ஐந்து தரம் திருப்புங்கள். ஒற்றை எண்ணில் திருப்பினால் ஒவ்வோர் இரவும் வேறு பக்கம் மேலே இருக்கும். 18ஆம் நாளுடன் திருப்புவதை நிறுத்துங்கள். பெட்டியை வெயில் படும் விறாந்தையில் வைக்கவே வேண்டாம். சூடு கூடினால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி குமிழை அணைக்கும், அவ்வளவுதான். பெட்டியைக் குளிர்விக்க அதனால் முடியாது.

கே: மூன்று மணித்தியாலம் கரண்ட் போய்விட்டது. எல்லாம் முடிந்ததா? (மல்லாவி)

ப: இல்லை. அடைக்கோழியும் தினமும் எழும்பி இரை தின்னப் போகிறதுதானே. மூடியைத் திறக்காமல் பெட்டியைச் சாக்கால் மூடிவிடுங்கள். பொரிப்பு கொஞ்சம் பிந்தலாம். கரு குளிரைத் தாங்கும், 40 பாகைக்கு மேல் போனால்தான் தாங்காது.

கே: இடி இடித்தால் முட்டை கூழாகிவிடும் என்று அம்மா கூட்டில் இரும்பும் கரியும் போடுகிறார். உண்மையா? (நெடுங்கேணி)

ப: இடிச் சத்தத்தால் கரு சாகாது. ஐப்பசி மழையில் கூரை ஒழுகி வைக்கோல் நனைவதும், கோழி பயந்து கூட்டை விட்டுப் போவதும்தான் முட்டையைக் கெடுக்கும். அம்மாவின் மனதுக்காக இரும்பு கிடக்கட்டும். கடகத்தைச் சாரல் அடிக்காத மூலைக்கு மாற்றுங்கள்.

கே: கரு இருக்கிறதா என்று எப்போது பார்க்கலாம்? (முழங்காவில்)

ப: ஏழாம் நாள் இரவு. டோர்ச்சின் வாயில் முட்டையின் அகன்ற பக்கத்தை வைத்துப் பாருங்கள். ஒரு கரும்புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்போல் விரியும் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு உயிரோடு இருக்கிறது. நரம்பு இல்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு செத்துவிட்டது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் அப்படியே ஊடுருவினால் அது கருக்கட்டாத முட்டை. இரண்டையும் எடுத்துவிடுங்கள். கூட்டில் வெடித்தால் நல்ல முட்டையும் கெடும்.

கே: குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டுப் பன்னிரண்டு மணித்தியாலம். உடைத்து எடுக்கட்டுமா? (மாங்குளம்)

ப: தயவுசெய்து வேண்டாம். ஓட்டை போட்டதிலிருந்து வெளியே வர 24 மணித்தியாலமும் ஆகலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுபட்டு, சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றுகின்றன. முந்தி உடைத்தால் இரத்தம் போய்க் குஞ்சு சாகும். திறந்து திறந்து பார்த்தால் சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பொரித்த குஞ்சுக்கு உடனே தீன் தேவையில்லை. வயிற்றிலுள்ள மஞ்சள் கரு இரண்டு நாளுக்குப் போதும். பிறகு குஞ்சுத் தீன் கொடுங்கள், புற்றிலிருந்து கறையான் கிடைத்தால் அதையும் போடுங்கள். தண்ணீரைத் தட்டையான பாத்திரத்தில் கூழாங்கல் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து நனைந்துவிடும். கோழிகளைக் கொல்லும் ராணிக்கெட் நோய்க்கான தடுப்பு மருந்து எப்போது கொடுப்பது என்று உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் அந்தக் கிழமையே கேட்டு வையுங்கள்.