இப்போது அம்மா கூப்பிடுவதில்லை

கேள்வி: பாளையங்கோட்டையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். வயது 49. இரண்டு வருடமாக வியாபாரம் படுத்துவிட்டது. தினமும் அதிகாலை 4.30-க்கு எழுந்து ஜெபிக்கிறேன். மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் காலை வசனம் வருகிறது, அதை நானும் அறுபது பேருக்கு அனுப்புகிறேன். இரவு யூடியூபில் தேவசெய்தி, அதாவது பிரசங்கம் கேட்பேன், சில நாள் 1 மணி வரை. கேட்கும்போது தைரியமாக இருக்கிறது. காலை 10 மணிக்குக் கடையைத் திறந்து உட்கார்ந்ததும் எல்லாம் வடிந்துவிடுகிறது. ஜனவரி 1 ஆராதனையில், அந்த வருடத்துக்கான வசனம் என்று எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11, 'நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு' என்று தொடங்கும் வசனம். எட்டு மாதம் ஆகிறது, ஒன்றும் மாறவில்லை. வீட்டில் வேறு குறை இல்லை. பையன் கல்லூரியில் படிக்கிறான். அம்மாவுக்கு 81 வயது, பார்வை போய்விட்டது. மனைவி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள். வேதம் வாசிக்க முடியவில்லையே என்று அம்மா அழுததால் ஒரு பழைய போனில் ஒலி வேதாகமம் ஏற்றிக் கொடுத்துவிட்டேன். முதலில் சார்ஜ் இறங்கினாலும் அதிகாரம் மாறினாலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இப்போது பழகிவிட்டது, கூப்பிடுவதில்லை. தினமும் நம்பிக்கை குறையாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: தம்பி, 'கர்த்தர் உங்களைக் கைவிடமாட்டார், சோர்ந்துபோகாதீர்கள்' என்று நானும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்ல உங்களுக்கு ஏற்கெனவே மூன்று குழுக்கள் இருக்கின்றன. நான்காவதாக நான் எதற்கு?

உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் கடையும் இல்லை, வாக்குத்தத்த அட்டையும் இல்லை. 'இப்போது பழகிவிட்டது, கூப்பிடுவதில்லை.' இதை ஏதோ நிம்மதியான செய்தி மாதிரி எழுதியிருக்கிறீர்கள். பார்வை இல்லாத 81 வயது அம்மாவுக்குப் போனில் எதை அமுக்கினால் எந்த அதிகாரம் வரும் என்று எப்படிப் பழகும்? சார்ஜ் வயரை எப்படிச் சொருகுவார்கள்? பழகவில்லை தம்பி, விட்டுவிட்டார்கள். ஐந்தாறு தடவை கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் 'இதோ வாறேம்மா' என்று சொல்லிவிட்டு வந்திருக்கமாட்டீர்கள், அல்லது வந்து சள்ளென்று விழுந்திருப்பீர்கள். பிள்ளைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்தப் போன் இன்றைக்கு ஓடுகிறதா என்றாவது போய்ப் பாருங்கள்.

அறுபது பேருக்குக் காலை வசனம் அனுப்புகிறீர்களே, அந்த அறுபதில் அடுத்த அறையில் இருக்கிறவர் உண்டா?

ஒலி வேதாகமத்தை நான் குறை சொல்லவில்லை. கண் போனவர்களுக்கு அது பெரிய கொடைதான். ஆனால் அம்மா அழுதது வெறும் சத்தத்துக்காகவா? நம் வீடுகளில் சாயங்காலக் குடும்ப ஜெபம் எப்படி நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். பாய் விரித்து, ஒரு கீர்த்தனை பாடி, ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றில் வாசித்தோம். எழுத்துக்கூட்டி வாசித்த சின்னப் பிள்ளையை ஆச்சி திருத்துவாள். வேதம் என்றால் அந்தக் குரல்களும் சேர்த்துத்தான். அதைத்தான் அம்மா கேட்டார்கள். நீங்கள் கையில் ஒரு கருவியைக் கொடுத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போய்விட்டீர்கள்.

ஜனவரியில் எடுக்கிறோமே வாக்குத்தத்த அட்டை, அதற்கு ஒரு மூத்த சகோதரம் உண்டு. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரில் மொராவியச் சபையார் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் வாழ்ந்தார்கள். 1728-இல் அங்கே தினம் ஒரு வசனம் என்ற பழக்கம் தொடங்கியது. சபையார் ஒருவர் அன்றைய வசனத்தை வீடு வீடாக நடந்து கொண்டுபோய்ச் சொல்லுவார். 1731-க்கான வசனங்களைப் புத்தகமாக அச்சிட்டார்கள். சீட்டுப் போட்டு வசனம் எடுத்து, வருடந்தோறும் இன்றைக்கும் அந்தப் புத்தகம் வருகிறது. எனக்குப் பிடித்தது அச்சுக்கு முந்தின காலம்தான். கதவைத் தட்டி ஒரு ஆள் உள்ளே வந்து சொன்ன வசனம். வந்தவர் கண்ணுக்கு அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, யாராவது காய்ச்சலில் கிடக்கிறார்களா என்பதும் தெரிந்திருக்கும் அல்லவா? உங்கள் மூன்று குழுக்களில் யாருக்காவது உங்கள் கடை நொடிந்துபோனது தெரியுமா?

எபிரெயர் 3:13-ஐ எடுத்துப் பாருங்கள். 'நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்.' நாடோறும் என்ற சொல்லை நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். அதற்கு அடுத்த சொல்லை விட்டுவிட்டீர்கள்.

சரி, எரேமியாவுக்கு வருவோம். அந்த அட்டையில் 11-ஆம் வசனம் மட்டும்தான் இருக்கும். 10-ஆம் வசனத்தை அச்சடித்தால் யாரும் எடுக்கமாட்டார்கள், ஏனென்றால் அதில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி, ஆள் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் அது. வாசிக்கக் கேட்டவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊர் திரும்புவதைப் பார்க்காமலேயே செத்திருப்பார்கள். அவர்களிடம்தான் 'வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள்' என்கிறார். இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொன்னவன் முந்தின அதிகாரத்து அனனியா, அவன் கள்ளத் தீர்க்கதரிசி. நீங்கள் இரவு 1 மணி வரை கேட்கிறவற்றில் எத்தனை அனனியாக்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் கதவு திறக்கும், அடுத்த மாதம் இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று கேட்டுவிட்டுப் படுத்தால், காலை 10 மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போது வடியாமல் என்ன செய்யும்?

1 மணிக்குப் படுத்து 4.30-க்கு எழுகிற மனுஷனுக்கு நம்பிக்கை எங்கே தங்கும்? சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் வசனம் சொல்லவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார் அந்தத் தீர்க்கதரிசி. நீங்களும் 10 மணிக்குப் படுங்கள்.

'மனைவி நன்றாகப் பார்த்துக்கொள்கிறாள்.' பெற்றது யாரை, தம்பி? சோறும் மாத்திரையும் மருமகள் கொடுப்பாள், மகன் ஞாயிற்றுக்கிழமை கைப்பிடித்து ஆலயத்துக்குக் கூட்டிப்போவான் என்று நம் ஊர் ஆண்கள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார். விசாரிப்பது என்றால் பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஏது என்று கேட்பது. மருமகளிடம் ஒப்படைத்துவிட்டு ஆலயத்தில் முன்பெஞ்சில் உட்காருவது அதில் சேராது.

இன்னொன்று. கடை நஷ்டத்தில் ஓடுவது அம்மாவுக்குத் தெரியுமா? சொல்லியிருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், வயதானவர்களை எதற்குக் கவலைப்படுத்த வேண்டும் என்று. விடிந்தால் எழுந்து உங்கள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிற ஒரு ஜீவன் வீட்டுக்குள் இருக்கிறது. எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லாமல், முகம் தெரியாதவர்களின் குழுக்களில் தைரியம் தேடுகிறீர்கள். அந்த வயதில் அவர்கள் பார்க்காத கஷ்டமா? அரிசி இல்லாத நாளில் உங்கள் வீடு எப்படி ஓடியது என்று கேட்டுப் பாருங்கள். எந்த யூடியூப் செய்தியிலும் அது கிடைக்காது.

இன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு வந்ததும் போனை அடுப்படியில் வையுங்கள். பழைய கறுப்பு அட்டை வேதாகமத்தை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலில் போய் உட்காருங்கள். 'எங்கேம்மா நின்னுச்சு?' என்று கேளுங்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பல மாதத்துக்கு முன்னால் நின்ற இடமாக இருக்கும், அதைக் கேட்டு வெட்கப்படுங்கள். அங்கிருந்தே வாசியுங்கள். பழைய மொழிபெயர்ப்பிலேயே வாசியுங்கள், அது அவர்களுக்கு மனப்பாடம், தப்பு விட்டால் திருத்துவார்கள். முடித்ததும் கடைக் கதையைச் சொல்லுங்கள். பையன் விடுமுறையில் வந்தால் அவனும் உட்காரட்டும், கடைக் கணக்கும் அவனுக்குத் தெரியட்டும்.

உங்களுக்குப் பிடித்த சங்கீதப் புத்தகத்துக்குத் தாவ வேண்டாம். பலிமுறையும் சட்டதிட்டமுமாக இருக்கிற லேவியராகமத்தில் நின்றிருந்தால் லேவியராகமத்தையே வாசியுங்கள்.